‘ஹார்ட்’ படுத்திய பாடு

துபாஷி வேலையில் காது இரண்டு, வாய் ஒன்று, திட்டு மட்டும் இரு பக்கத்திலிருந்தும். இரண்டு பேருக்கு நடுவே நின்று பேச்சைக் கடத்தி மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மகாராஜா ஆட்சியில், பெரிய சண்டைக்கு முன்னால், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் துபாஷி. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் துரைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் புதிதாகக் கப்பலிறங்கியவர். அவருக்கு ஜெர்மன் மட்டும். நான் கொல்லத்தில் ஜெர்மன் கயிற்று வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். கயிறு, சாக்கு, கப்பல் வரைக்கும் என் ஜெர்மனில் பழுது கிடையாது. துரை ‘ஹார்ட்’ என்று வாயைத் திறந்தால்தான் நான் தடுமாறுவேன். ஜெர்மனில் அது ‘ஹெர்ட்ஸ்’. பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். நம்பினால் காலை வாரிவிடும்.

உருப்போட்ட மருந்து

மருந்தின் அளவுகளைச் சிஸ்டர் ‘பை ஹார்ட்’ பண்ண வேண்டும் என்றார் துரை. மனப்பாடம்தானே என்று, “ஹெர்ட்ஸால் படியுங்கள்” என ஜெர்மனில் சொல்லிவைத்தேன். மனப்பாடத்துக்கு ஜெர்மன்காரர்கள் நெஞ்சைக் கூப்பிடுவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது; சிஸ்டர் காதில் அது ‘அன்போடு படியுங்கள்’ என்றுதான் விழுந்திருந்தது. சிஸ்டர் மருந்துப் புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அன்பை நோயாளிக்குக் கொடுக்கிறேன். மருந்துக்கு அளவு போதும்.”

ஆசாரிக்கு விருந்து

ஆரியங்கோட்டு ஆசாரி ஒருவர் காய்ச்சல் விட்டு எழுந்திருந்தார். அவருக்கு ‘ஹார்ட்டி’யாகச் சாப்பாடு போடச் சொன்னார் துரை. வயிறாரப் போடுங்கள் என்று அர்த்தம். நானோ ஹெர்ட்ஸில் பிறந்த வேறொரு சொல்லைப் பிடித்துப் போட்டேன். அதற்கு ‘அன்பு பொங்க’ என்று பொருள். அன்று முதல் சிஸ்டர் அதே கஞ்சித்தண்ணீரை முகமெல்லாம் சிரிப்பாகக் கொண்டுவந்து நீட்டினார். பாவம், ஆசாரியும் பதிலுக்குச் சிரித்துச் சிரித்தே மெலிந்துபோனார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளே, சிஸ்டருக்க சிரிப்பு நல்ல சிரிப்பாக்கும். அதுக்க கூட ரெண்டு துண்டு மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் உண்டுமா?”

யாரிடம்?

பொழியூர் கடற்கரையிலிருந்து திரேசம்மாள் என்ற பெண்ணைக் கைக்குழந்தையோடு கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பச்சை உடம்புக்காரி. ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பார்த்தே கிடந்தாள். பால் வற்றிப்போய்க் குழந்தை கத்தியது.

துரை சோதித்துப் பார்த்தார். உடம்பில் நோய் இல்லை, ஆனால் இவள் ‘ஹார்ட்டை இழந்துவிட்டாள்’, இப்படியே கிடந்தால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்றார். மனசு விட்டுப்போச்சு என்கிறோமே, அது. “ஹெர்ட்ஸை இழந்துவிட்டாள்” என்று சிஸ்டரிடம் அப்படியே சொன்னேன். ஜெர்மனில் அதற்கு, யாரிடமோ மனசைப் பறிகொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்!

சிஸ்டரின் முகம் சிவந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து திரேசம்மாளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “யாரிடம் என்று கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்” என்றார். கேட்கச் சொன்னதைக் கேட்பதுதானே என் வேலை? கூச்சத்தோடு கேட்டேன்: “அம்மா, மனசை ஆருக்கிட்ட பறிகொடுத்தே?”

அவள் தலையைத் திருப்பினாள். “இது என்ன கேள்வி பிள்ளே? என்னெக் கெட்டுன மாப்பிளைக்கிட்டயாக்கும். கடலுக்குப் போனாரு. கட்டுமரம் மட்டும் கரையேறிச்சு.” சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள். சிஸ்டர் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். நல்லவேளை, அந்த அழுகையை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தாள். “இத்திரி கஞ்சி உண்டுமா? இவனுக்குப் பாலு ஊறணும் இல்லியா?”

அன்று நான் சரியாக மொழிபெயர்த்திருந்தால் திரேசம்மாளிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால், என் ஜெர்மனில் அந்த ஒரு பிழையை மட்டும் நான் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.