உப்பு காய்ச்சிய லாரி

என் லாரியின் சைலன்சரை நான் வேண்டுமென்று கழற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூத்துக்குடியில் சிலர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உப்பளத்துக்குள் போய் வரும் வண்டியில் இரும்பு நிலைக்காது. ஒரு நாள் மாப்பிள்ளையூரணி தாண்டும்போது அந்தச் சைலன்சர் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி ரோட்டில் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு நேர்க்குழாயை வைத்து இறுக்கியது வேண்டுமானால் என் வேலை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட லாரி அது. நேர்க்குழாய் வைத்த பிறகு அதற்கு ஒரு தனி உறுமல் வந்துவிட்டது. உப்பு மூட்டைகளோடு அளத்துச் சேற்றிலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்தது. அந்த இழுவை குழாயால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சத்தமும் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? நான் பஜாருக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பஜாரில்தான் என் மாமனாரின் பலசரக்குக் கடை. கல்யாணமாகி மூன்று வருஷம் அங்கே மிளகாய் வற்றல் நிறுத்துப் போட்டு, தும்மித் தும்மியே காலத்தை ஓட்டினேன். லாரி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததை அவர் மன்னிக்கவே இல்லை.

“மாப்ளே, உம்ம லாரி போனா என் தராசு ஆடுது. ஆடுத தராசுல எவன் சாமான் வாங்குவான்?” என்பார்.

வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் எப்.சி.யைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். சைலன்சர் இல்லாத வண்டியை ஓட்ட விடமாட்டார். பட்டாள லாரிக்கான சைலன்சரோ ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. விஷயம் மாமனார் காதுக்கு எட்டியது. வீட்டுக்கு வந்து, என் மனைவியை வைத்துக்கொண்டே சொன்னார்.

“வண்டி பாஸாகலைன்னா பேசாம திங்கக்கெழமை கடைக்கு வந்து உக்காரும்.”

ரோஷத்தில் “சரி மாமா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிஷமே மூக்கில் மிளகாய் நெடி ஏறிற்று.

துறைமுகத்தில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் ஒருவன் எனக்குச் சினேகிதன். கடற்கரைக்காரன், கப்பல் எஞ்சின் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஏலே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? லாஞ்சுல புகை தண்ணிக்குள்ள முங்கித்தான வெளிய வருது, சத்தம் கேக்குதா? ஒரு பெட்டில தண்ணிய ஊத்தி, கொழாய அதுக்குள்ள விட்டுருவோம். இன்ஸ்பெக்டர் வாரப்போ மாட்டு. அவரு போனதும் கழட்டு.”

பழைய டிரம்மை வெட்டி, மூடியோடு ஒரு பெட்டி செய்தான். அதற்குள் போகும் குழாயின் நுனியை அடைத்து, பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் போட்டான். மாட்டிப் பார்த்தோம். உறுமிக்கொண்டிருந்த வண்டி, பானையில் சோறு கொதிக்கிற மாதிரி களகளவென்றது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சோதனை நாளன்று காலையில் அளத்தில் நின்றபடி பெட்டிக்குத் தண்ணீர் தேடினேன். குழாயடியில் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும் ஊரில், லாரிக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டால் உதைதான் விழும். பக்கத்துப் பாத்தியில் நாளையோ மறுநாளோ உப்பாக இறங்கப்போகிற தண்ணீர், கஞ்சி மாதிரி கனத்துக் கிடந்தது. தண்ணீர் எதுவானால் என்ன என்று அதிலேயே மொண்டு ஊற்றினேன். தினமும் உப்பு ஏற்றுகிறவன் செய்கிற காரியமா அது?

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனுஷர். விளக்கைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், டயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் நான் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“வண்டி ரொம்ப சாதுவா இருக்கே” என்றார். பிறகு பின்னால் போய் நின்று, “ஏம்பா, புகை வெள்ளையா வருது?” என்று கேட்டார்.

“ஈரக்காத்து சார்” என்றேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “பஜார் வழியா ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றார்.

பஜாருக்குள் நுழைந்ததும் வண்டி செருமியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் மூச்சுத் திணறியது. மாமனாரின் கடைக்கு நேர் எதிரே வந்து நின்றேவிட்டது. அவ்வளவு இடம் இருக்க, அங்கேதான் நிற்க வேண்டுமா!

இன்ஸ்பெக்டர் இறங்கிப் பெட்டியின் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். உள்ளே தண்ணீர் இல்லை. வெள்ளை வெளேரென்று உப்பு. ஒரு துளை பாக்கியில்லாமல் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, ஊதி ஆற்றி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல உப்பு” என்றார். “லாரிக்கு எப்.சி. கேக்கறியே, உப்பு காய்ச்ச லைசென்ஸ் வாங்கினியா?”

பஜாரே சிரித்தது. அது உப்புக்கு வரி இருந்த காலம். அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகவே உப்பு இலாகாவுக்கு எழுதிப் போடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாமனார் கடையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். திங்கட்கிழமை வரைக்கும்கூட விடமாட்டார், இப்போதே தராசைக் கையில் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். லாரியின் பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தார்.

“பல்லக் காட்டுனது போதும், வந்து தள்ளுங்கலே!” என்று பஜாரைப் பார்த்துக் கத்தினார். “எங்க வீட்டு லாரி நடுரோட்டுல நிக்கி, சிரிப்பு வருதோ?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் எதுவும் எழுதிப் போடவில்லை. ஒழுங்கான சைலன்சரோடு பத்து நாளில் திருநெல்வேலிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மாமனார், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகிற தனக்குப் பழக்கமான தோணிக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்ப, கொழும்பில் கழித்துப் போட்ட பட்டாள லாரி ஒன்றின் சைலன்சர் எட்டாம் நாள் கரைக்கு வந்து சேர்ந்தது. ஃபிட்டரே வந்து அதை மாட்டினான். பத்தாம் நாள் வண்டி பாஸாயிற்று. திருநெல்வேலிக்கு மாமனாரும் கூட வந்திருந்தார்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லாரி பஜாருக்குள் பூனை மாதிரி நுழைந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பாதி பஜார் தாண்டியதும் அவர் முகம் வாடிவிட்டது.

“என்னவே இது, ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான்?”

“சைலன்சர் இருக்குல்லா மாமா.”

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த எப்.சி. எப்போ?”

“இன்னும் ஒரு வருஷம் இருக்கு மாமா.”

“வண்டிய ஓரங்கட்டும்” என்றார். நான் நிறுத்துவதற்குள், ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அவர் இறங்கிவிட்டார்.