பன்னிரண்டு அடி இறவாரம்

என் அக்கா புருஷனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அங்குலம். முப்பது வருஷமாகக் கட்டட வரைபடம் போடுகிறவர். விருந்துக்குப் போனால்கூடச் சாப்பாட்டு மேசையைச் சாண் போட்டுப் பார்ப்பார். "என்னையும் அளந்து பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

எங்கள் ஊருக்கு ஒரு தீயணைப்பு வண்டியும் ஓர் ஆம்புலன்ஸும் தருவதென்று முடிவானபோது, அவற்றுக்கான நிலையத்தை வரையும் வேலை மாமாவிடம் வந்தது. மேலிடம் அனுப்பிய மாதிரிப் படம் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் இருந்தது. பார்த்ததும் முகம் சுளித்தார். இரண்டு மாதம் சைக்கிளில் அலைந்து, வயலோரம் நிற்கும் தானியக் கொட்டகைகளை ஒவ்வொன்றாக அளந்தார். சரிந்த கூரை, காற்றோட்டமான பலகைச் சுவர், அகலக் கதவு எல்லாவற்றையும் அங்கிருந்துதான் எடுத்தார். அவர் மனதை அள்ளிக்கொண்டது இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை. கொட்டகைகளில் அது நான்கடி. இவர் பன்னிரண்டு அடி போட்டார்.

"எதுக்கு மாமா இவ்வளவு?"

"ஆளைத் தூக்கிட்டு இங்கதான் ஓடி வருவாங்க மாப்ள. மழையில வண்டியில ஏத்தும்போது அவங்க மேல ஒரு சொட்டு விழக்கூடாது."

அந்தப் பன்னிரண்டு அடிக்காக மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, வர வேண்டிய பதவி உயர்வையும் கோட்டைவிட்டார்.

கட்டடம் எழுந்தது. நான் அங்கேயே ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தேன். வெளியூர் ஆட்கள் கொட்டகை என்றே நினைத்து, மூட்டை இறக்க இடம் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது.

அறுவடை சமயம் ஒரு நாள், பட்டப்பகலில் மழை கொட்டித் தீர்த்தது. மூட்டை ஏற்றிய ஐந்து டிராக்டர்கள் நேராக எங்கள் இறவாரத்துக்குள் நுழைந்தன. கொட்டகையைக் கண்டால் ஒதுங்குவது அவர்களுக்குப் பழக்கம். வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்தது. நான்தான், "பரவால்ல, மூட்டை நனைஞ்சிடும், நில்லுங்க" என்றேன். நிலையத்தின் கதவை மறித்து வண்டிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் டீக்கடைக்குப் போனார்கள். பத்து நிமிடத்தில் போன் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். சொன்ன முகவரி என் அக்கா வீடு.

ஐந்து பேரையும் தேடிப் பிடித்து, சேற்றில் வழுக்கிய வண்டிகளைத் தள்ளி நகர்த்தப் பதினாறு நிமிடம் ஆயிற்று. வீட்டுக்குப் போய்ச் சேர மூன்றே நிமிடம். ஏற்றும்போது அக்காவின் கை சூடாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

"ஏன் மாப்ள இவ்வளவு நேரம்?" மாமா கேட்டார்.

"பேட்டரி மாமா. ஸ்டார்ட் ஆகல."

வாய் கூசாமல் சொன்னேன். உண்மை தெரிந்தால் மனுஷன் இடிந்துபோவார், அதற்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு. என் தலை தப்பினால் போதும் என்றுதான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, வீடு திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, மாமா அந்தக் கூரைக்கடியில் ஒதுங்கியிருக்கிறார். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர், இவர் யாரென்றே தெரியாமல் அங்கலாய்த்திருக்கிறார்: "அருமையான கூரைங்க. இப்பல்லாம் வண்டியை விடமாட்டேங்கிறாங்க. போன அறுவடையில யாரோ ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலி. நாங்க அஞ்சு வண்டி கதவை மறிச்சு நின்னுட்டோம்."

அன்று மாலை என்னை வரச் சொன்னார். மேசையில் நிலையத்தின் பழைய வரைபடம் விரித்துக் கிடந்தது. இறவாரத்தின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதை வெட்டி எடுக்கச் சொல்லி எழுதிய மனு பக்கத்தில் இருந்தது.

"பேட்டரி நல்லாத்தானே இருந்துச்சு?"

அழுதுகொண்டே சொன்னேன். "வெட்டாதீங்க மாமா. கூரை மேல தப்பில்ல. நான்தான் அவங்களை நிக்கச் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கோட்டின் மேலேயே இன்னொரு முறை பென்சிலை அழுத்தி இழுத்தார்.

"கூரை இல்லேன்னா அவங்களை எங்கடா நிக்கச் சொல்லியிருப்ப?"