அடி வாங்கிய கண்ணாடி

ஈரமான கண்ணாடிப் பலகையில் தங்கை விரல் நுனியால் எட்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். விரலுக்கு அடியில், சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்டிய விண்கல் சீவல். தேய்ப்புத் தூள் கரகரக்கும்வரை பேசுவாள். சத்தம் மெலிந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

“லைசென்ஸுக்கு எட்டு போடச் சொன்னா காலை ஊனினவ, இங்க என்னமா போடுறா பாரு!” என்கிறாள் ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா.

“சும்மா இரு அக்கா, கல்லு கோவிச்சுக்கும்.”

வீட்டில் இவளுக்குப் பெயர் மண்ணாங்கட்டி. கண் பரிசோதனைக்குப் போனால்கூட மருத்துவரின் லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். ஆள்காட்டி விரல் நகம் ஒருபக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கும். பொத்தான் காஜா ஓரத்தில் பிசிறு தெரிந்தாலே பொறுக்காத தையல்காரி அக்காவுக்கு அந்த நகத்தைப் பார்க்கவே ஆகாது. ஆனால் துணி தைக்க வருகிறவர்களிடம், “வானத்துல இருந்து விழுந்ததையே அரைக்கிறவ எங்க வீட்டுல இருக்கா” என்று சொல்லாமல் அளவெடுக்க மாட்டாள்.

இன்றைய கல் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து இரவலாக வந்தது. பட்டாணி அளவுதான். இன்னொரு சீவல் எடுக்க அதில் இடமில்லை.

“அப்படி என்னடி இருக்கு இதுக்குள்ள?”

“விண்வெளியில எதுவோ வந்து மோதியிருக்குக்கா. அந்த அதிர்ச்சியில படிகம் கண்ணாடியாயிடுச்சு. உருகக்கூட இல்ல. வெளிய வடிவம் அப்படியே இருக்கு, உள்ள மட்டும் எல்லாம் கலைஞ்சு போச்சு.”

“சீட்டாட்டத்துல தோத்துட்டு வர்ற நம்ம சித்தப்பா மாதிரின்னு சொல்லு.”

தங்கை மெருகேற்றிய சீவலை, படிகத்தின் ஒளியை மட்டுமே மேலே விடும் வடிகட்டிகள் பூட்டிய நுண்ணோக்கியில் வைத்து, அதன் சுழல்தட்டைச் சுற்றுகிறாள். மற்ற துகள்கள் நிறம் மாறி மாறி மினுங்குகின்றன. நடுவில் நீளமான ஒன்று மட்டும் எப்படித் திருப்பினாலும் கறுப்பு. அவள் தேடும் கண்ணாடி அப்படித்தான் தெரியும். தேய்க்கும்போது துகள் பெயர்ந்து விழுந்த ஓட்டையும், அதே வடிவத்தில், அப்படியேதான் தெரியும்.

“ரொம்பத் தேச்சிட்டேனோ...”

கீழ்விளக்கை அணைத்து மேல்விளக்கைப் போடுகிறாள். ஓட்டையானால் இருண்டு கிடக்கும். கண்ணாடியானால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். குவியத்தைச் சரிசெய்யும் விரல் ஒருமுறை நின்று, மறுபடி நகர்கிறது.

“மின்னுதுக்கா.”

எழுந்துவிட்டாள். கையில் தேய்ப்புத் தூளின் சேறு இன்னும் காயவில்லை. நாற்காலியின் திருகைப் பிடித்து, குள்ளமான அக்காவின் கண் நுண்ணோக்கிக்கு நேராக வரும் அளவுக்கு இருக்கையை உயர்த்தத் தொடங்குகிறாள்.