நுகத்துக்கு இந்தியில் ஒரு சொல்

ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்ததும், ஞாயிறு என்றால் நேராக ஜெபக்கூட்டத்துக்குப் போவேன். மருந்துக்கடைக்கு மேல் ஒரு ஹால். பாஸ்டர் தமிழில் பேசப் பேச நான் இந்தியில் சொல்ல வேண்டும். அப்பா ராணுவத்தில் இருந்ததால் வடக்கே படித்தவள் நான். அதனால் என் தலையில் விழுந்த வேலை. கேட்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கம்பெனி ஆட்கள், என்னைப் போலவே தூக்கம் கெட்டவர்கள்.

அன்று, சுமந்து களைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைக்கும் பகுதி. தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார், அது இதமானது என்கிறார். இந்தி வேதத்தில் நுகத்துக்கு 'ஜுவா' என்று இருந்தது. அப்படியே வாசித்தேன்.

இரண்டாவது வரிசையிலிருந்த ராஞ்சிப் பக்கத்துப் பெண் எழுந்து வெளியே போனாள். வயரிங் லைனில் வேலை பார்ப்பவள். அவள் புருஷன் சம்பளத்தையெல்லாம் போனில் சீட்டாடித் தோற்பவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தியில் சூதாட்டத்துக்கும் ஜுவாதான்.

பாஸ்டர் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "இன்னா சிஸ்டர், அந்தப் பொண்ணு ஏன் எழுந்து போவுது?"

"வார்த்தை வேற மாதிரி போய் விழுந்துடுச்சு பாஸ்டர்."

பாட்டு தொடங்கியதும் வெளியே போனேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "தீதி, ஆண்டவரே சூதாடச் சொல்கிறாரா?" என்று அக்கா முறை வைத்து இந்தியில் கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். மாடுகளை ஜோடியாகப் பூட்டும் கட்டை அது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நாம், அதனால்தான் கனக்காது என்றேன்.

"எங்கள் வீட்டிலும் ஏர் மாடு இருந்தது. ஒன்று படுத்துவிட்டால் மற்றதன் கழுத்துதான் புண்ணாகும். என் வீட்டில் ஒன்று படுத்துவிட்டது தீதி."

ஆண்டவர் படுக்கமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். கீழே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் சொன்னார், "இனிமே நுகத்துக்குப் பாரம்னே சொல்லிடு சிஸ்டர்."

"அடுத்த வரியிலேயே பாரம் வருது பாஸ்டர். ரெண்டு பாரமா ஆயிடும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மறு ஞாயிறும் அவள் புருஷன் இல்லாமல் தனியாகத்தான் வந்தாள். பிரசங்கம் பாதிகூடத் தாண்டவில்லை, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மற்றவர்களை அருகே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.