கொழுந்து நிறுவையை ஓட வைத்தவர்

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் நான் செய்த பிழையை அவர்தான் கண்டுபிடித்தார். கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். கொழுந்து நிறுக்கும் கணினி தினமும் மத்தியானத்தில் நின்றுவிடும். பெண்கள் சாக்குகளோடு மழையில் காத்து நிற்பார்கள். நிறுக்கும் பெண்ணின் மெத்தனம்தான் காரணம், அவளை நீக்குங்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதிக் கொடுத்தேன்.

கணினியையும் பார்த்துவிடலாம் என்று துரை, கணினி திருத்தும் இவரை வரவழைத்தார். முப்பது வயதிருக்கும். அட்டை கடிக்காமலிருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசியிருந்தார். ஒவ்வொரு கட்டளையையும் விரலால் தொட்டு, வாய்விட்டு வாசித்த பிறகே அழுத்துவார்.

"உதென்ன, பிள்ளை?" என்று திரையைக் காட்டிக் கேட்டேன்.

"ஏஜன்ட்டுங்க ஐயா. நம்ம புரோகிராம் எல்லாம் தனித்தனிப் பொட்டி மாதிரி, கன்டெய்னரா ஓடுது. எது எவ்வளவு மெமரி திங்குதுன்னு இது ஓரமா ஒக்காந்து பாக்கும். கங்காணி மாதிரி. ஆனா சத்தம் போடாது."

சிறிது நேரத்தில் திரையில் கோடுகள் எழுந்தன.

"நிறுவை பாவம், பட்டினி கெடக்குங்க. அறிக்கை கன்டெய்னர்தான் எல்லாத்தையும் திங்குது. யாரோ அத அமுக்கிக்கிட்டே இருக்காங்க."

அந்தப் பெண்ணின் பிழையைப் பிடிக்கவென்று, தினமும் நிறுவை நேரம் முழுக்க என் மேசைக் கணினியில் அறிக்கைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவன் நான்; அன்றும் கை அதில்தான் இருந்தது.

"நான்தான், பிள்ளை."

"அப்ப கைய எடுங்கய்யா!" என்று சிரித்தார்.

எடுத்தேன். வரிசை நகர்ந்தது, வெளியே பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் அறிக்கைக்கு ஒரு மெமரி வரம்பும் போட்டார். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கி, நிறுக்கும் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வந்தவுடனே என் திரையில் அறிக்கை ஓடுவதை அவர் பார்த்திருப்பார். அப்படியிருந்தும் நானாகச் சொல்லும்வரை ஏன் பொறுத்திருந்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.