அம்மை வராத பிள்ளை

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். நாத்தனாரின் மூன்று வயது மகள் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தட்டிலிருந்தே தயிர்சோறு தின்று, என்னைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். மறுநாள் காலை அவள் முதுகெல்லாம் நீர்க்கொப்புளம். சின்னம்மை.

டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்குதுங்களா?" வந்திருந்தால் உடம்பு அதை எதிர்க்கப் பழகியிருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் பயமில்லை. வராதிருந்தால் உடனே ஊசி போட வேண்டும், அப்படிப் போட்டாலும்... என்று இழுத்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே போத்தனூரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உனக்கு வரவே இல்ல கண்ணு. நான் வர உடலையே," என்றாள் அம்மா பெருமையாக.

அந்தப் பெருமையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அம்மை கண்ட வீட்டிலிருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வெளியே போய்த் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். அண்ணனுக்கு வந்தபோது, ஊர் என்ன சொன்னாலும் சரி என்று, விடிவதற்குள் என்னைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டவள் அவள். வேப்பிலை கட்டிய கதவை எனக்காகத் தாண்டியவள்.

விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுத்தானே கண்ணு செஞ்சுபோட்டேன்," என்றாள்.

"உங்களை யாருங்கம்மா செய்யச் சொன்னது?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு வீம்பு அதிகம்.

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எதிர்ப்புச் சக்தி நல்லாவே இருக்குதுங்க. எப்பவோ லேசா வந்துட்டுப் போயிருக்குது. பொறக்கற கொழந்தையும் உங்ககிட்டிருந்து கொஞ்சம் வாங்கிட்டுத்தான் வரும்," என்றார்.

சித்தியைக் கேட்டேன். கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். "நீ இங்க இருந்தப்ப முதுகுல நாலஞ்சு கொப்புளம் வந்துச்சு கண்ணு. வேனக்கட்டியாட்ட இருக்குதுன்னு பவுடரைப் போட்டு உட்டுட்டேன். அக்காகிட்டச் சொன்னா சாமியாடிருப்பாளே!"

அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டாள்:

"அப்ப, உன்னைய நான் காப்பாத்தவே இல்லையா கண்ணு?"

"இல்லீங்கம்மா," என்றேன்.

"நல்லவேளை," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.