ரப்பர் பால் பூசிய கப்பல்

கையுறைத் தொழிற்சாலை மூடியபின் ஆறு மாதம் நான் பார்த்த ஒரே வேலை, காற்றாடிக்குக் கீழே புரண்டு படுத்ததுதான். அப்போதுதான் மெர்போக் ஆற்றோரம், அந்தக் காலத்தில் கடாரத்துக்கு வந்த பாய்மரக் கப்பல் ஒன்றை அதே அளவில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் மனைவியும் வேலை கேட்டுப் போனோம்.

ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்க வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். தலைமைத் தச்சர், யான் என்ற ஊர்ப் பக்கத்து மலாய்க்காரர். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"ரெண்டு பேரும் ஒரு வரிசை தைங்க. தண்ணி ஊத்திப் பார்ப்பேன். ஒழுகலன்னா வேல உங்களுக்கு."

வெளியே கட்டியிருந்த சாரம் என் எடையைத் தாங்காது என்று என்னை உள்ளே விட்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியின் குரல் மட்டும் வரும்.

"இழுங்கன்னு சொல்றேன்ல! தூங்கிட்டீங்களா?"

"இழுத்துக்கிட்டுதான்லா இருக்கேன்!"

"இதுவா இழுக்கிறது? தாலியயும் இப்படித்தான் லூசா கட்டுனீங்க."

மூன்றாம் நாள், என் முடிச்சுகள் நெகிழ்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? புக்கிட் செலம்பாவ் ஊரில் மரம் வெட்டும் உறவுக்காரரிடம் ஒரு போத்தல் ரப்பர் பால் வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் கயிறு போகும் துளைகளில் பூசிவிட்டேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. பால் கெட்டால் என்ன வாடை வரும் என்பது மட்டும் விஞ்ஞானிக்கு மறந்துவிட்டது. இரண்டே நாளில் கப்பல் நாறியது.

தச்சர் குனிந்து மோந்தார். "என்னா தம்பி, அந்தக் காலத்துல இங்க ரப்பர் மரமே இல்லலா. பாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து மனைவி சொன்னாள்: "நாந்தாண்ணே சரியா இழுத்துப் பிடிக்கல. அதான் பூசிட்டாரு."

அது பொய். அவள் பக்கத்துக் கயிறு கம்பிபோல இருந்தது.

தச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "அவுத்துட்டு மறுபடி தைங்க," என்றார்.

இந்த முறை பலகையில் காலை உதைத்து இழுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. தண்ணீர் ஊற்றிய அன்று, அவர் வெளியே குந்தி வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நனைந்தது.

"இது ஒண்ணும் இல்லலா. மரம் தண்ணி குடிச்சா தானா மூடிக்கும். நாளைக்கு அடுத்த வரிச."

வீட்டுக்குப் போகும்போது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவளிடம் நன்றி சொன்னேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தி, திரும்பி, மறுபடியும் சொன்னேன்.

"இதச் சொல்லவா நடுரோட்டுல நிறுத்துனீங்க? ஓட்டுங்க," என்றாள்.